காணோம் என்பதன் எடை: சோனார் தேடலில் புள்ளியியல்

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலின் மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில், சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தி சில சிதைவுகளைப் படம் எடுத்திருப்பதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. இடம், சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவு. ஆழம் 3,400 மீட்டர். சோனாரும் கேமராவும் சேர்ந்து தந்த படங்கள் ஏ.என்.-32 வகை விமானத்தோடு ஒத்துப்போகின்றன, அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமற்போனதாகப் பதிவு இல்லை, ஆகவே இவை அந்த விமானத்தின் சிதைவுகளாக இருக்கக்கூடும் என்பதே அறிவிப்பின் சாரம். படம் சொல்லும் சான்றும், அந்த இடத்தைப் பற்றி முன்பே தெரிந்திருந்த செய்தியும் சேர்ந்துதான் முடிவைத் தாங்குகின்றன. அரசு அறிக்கையின் நடையில் எழுதப்பட்டிருந்தாலும் இது ஒரு நிகழ்தகவு வாதம். சோனார் கொண்டு கடலடியில் தேடுவோர் ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய வாதமும் இதுவே. அவர்களுடைய வேலை பார்ப்பதோடு முடிவதில்லை. பார்த்ததன்மேல் தீர்ப்புச் சொல்லவும் வேண்டும். அந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் பிழைக்கலாம். ‘கண்டோம்’, ‘காணோம்’ என்ற இரண்டு விடைகளோடும் அவற்றின் உறுதி எவ்வளவு என்ற கணக்கு சேர்ந்து வந்தால்தான் தேடல் முன்னேறும். ‘காணோம்’ என்பதன் எடையைக் கணக்கிடாமல் விட்டதுதான் பெரிய தேடல்கள் சிலவற்றை ஆண்டுக்கணக்கில் அலையவைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒலி காட்டும் கடலடி

ஒளியும் ரேடியோ அலைகளும் கடல்நீரில் சிறிது தொலைவிலேயே மங்கிவிடும். ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் நெடுந்தொலைவு செல்லும். 1912இல் டைட்டானிக் மூழ்கிய அதிர்ச்சிக்குப் பின் எதிரொலி கொண்டு பனிப்பாறைகளை அறியும் முயற்சிகள் வேகம் பெற்றன. 1914இல் ரெஜினால்ட் ஃபெஸன்டன் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பிடித்துக் காட்டினார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மீயொலியை எழுப்பினார். அன்று தொடங்கி இன்றுவரை இத்துறை ஓர் இழுபறியில் இருக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல்தான் நீரில் இழக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் அந்த இழப்பு 30 டெசிபெல் அளவுக்கு ஏறுகிறது. நுணுக்கமான படம் வேண்டுமென்றால் அதிர்வெண்ணைக் கூட்டவேண்டும். கூட்டினால் எட்டும் தொலைவு சுருங்கும். இதனால்தான் பக்கவாட்டில் ஒலியைப் பாய்ச்சிப் படமெடுக்கும் சைட்-ஸ்கேன் சோனாரைக் கடலடிக்குச் சில பத்து மீட்டர் உயரத்தில் இழுத்துச் செல்கிறார்கள், அல்லது தானியங்கி ஊர்தியில் பொருத்தி அனுப்புகிறார்கள். தரையிலிருந்து எழுந்து நிற்கும் பொருள் ஒலியை மறைத்துத் தனக்குப் பின்னால் நிழல் வீழ்த்தும். கருவி தரைக்கு மேல் 20 மீட்டரில் செல்கிறது, பொருள் பக்கவாட்டில் 80 மீட்டர் தள்ளி இருக்கிறது, நிழலின் நீளம் 20 மீட்டர் என்றால், ஒத்த முக்கோணக் கணக்கின்படி பொருளின் உயரம் 4 மீட்டர். எதிரொலியின் பிரகாசத்தைவிட இந்த நிழல்தான் பல வேளைகளில் பொருளின் வடிவைச் சரியாகச் சொல்கிறது.

வரம்பை எங்கே வைப்பது

சோனார் படத்தில் வெறும் மணல்தரைகூட புள்ளிபுள்ளியாகவே தெரியும். ஒரு படப்புள்ளிக்குள் அடங்கும் எண்ணற்ற மணற்பரல்களின் எதிரொலிகள் தம்முள் கூடியும் குலைந்தும் வந்து சேர்வதே காரணம். இப்படித் தாறுமாறான கட்டங்களில் அதிர்வுகள் பல சேர்ந்தால் விளையும் வீச்சு எப்படிப் பரவியிருக்கும் என்பதை ராலே பிரபு 1880இலேயே கணித்துவிட்டார். ராலே பரவல் பொருந்தும் தரையில், சராசரிச் செறிவைப்போல் 13.8 மடங்குக்கு மேல் ஒரு புள்ளி தற்செயலாகப் பிரகாசிக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. அந்த இடத்தில் வரம்பை வைத்து, அதைத் தாண்டுவதை எல்லாம் ‘பொருள்’ என்று எடுத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் என்றால் 10 கோடி புள்ளிகள். ஆகவே எதுவுமே இல்லாத தரையிலும் சதுர கிலோமீட்டருக்கு 100 பொய் எச்சரிக்கைகள் வரும். வரம்பை இன்னும் உயர்த்தினால் பொய்கள் குறையும். கூடவே மெய்யான பொருள்களும் சில நழுவும். இரண்டையும் ஒருசேர ஒழிக்க வழியில்லை. பொய் எச்சரிக்கைக்கு ஓர் உச்சவரம்பு விதித்துவிட்டு, அதற்குள் கண்டறியும் வாய்ப்பை மிகுதியாக்கும் சோதனை எது என்பதற்கு 1933இல் நெய்மனும் பியர்சனும் விடை தந்தார்கள். 1954இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர்சன், பேர்ட்சால், ஃபாக்ஸ் ஆகியோர் அதைச் சமிக்ஞைகளைக் கண்டறியும் கோட்பாடாக விரித்தெழுதினர். இன்றைய சோனார் மென்பொருள்களின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், கடலடி ராலே சொன்னபடி நடந்துகொள்வதில்லை. பாறை, சிப்பித் திட்டு, மணல் அலைவரி, கடற்புல் என்று தரை மாறிக்கொண்டே இருக்கிறது. அப்போது செறிவின் பரவலுக்கு நீண்ட வால் முளைக்கிறது. அதாவது, மிகப் பிரகாசமான புள்ளிகள் எதிர்பார்த்ததைவிட அடிக்கடி தோன்றுகின்றன. ரேடாரில் கடலலைகளின் எதிரொலிக்காக 1976இல் ஜேக்மனும் பியூசியும் முன்வைத்த கே-பரவல் சோனாருக்கும் பொருந்துவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இதன் விளைவை ஒரு கணக்கிலேயே காணலாம். வடிவ அளவுரு 1 கொண்ட கே-பரவலில் அதே 13.8 மடங்கு வரம்பை வைத்தால், 10 லட்சத்தில் ஒன்றாக இருக்கவேண்டிய பொய் எச்சரிக்கை ஆயிரத்தில் இரண்டாகிவிடும். இரண்டாயிரம் மடங்கு பிழை! கருவியில் குறையில்லை, மின்னணுச் சுற்றில் குறையில்லை. பின்னணியைப் பற்றிய அனுமானம் மட்டும் தவறிவிட்டது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை அந்தந்த இடத்திலேயே எடுத்து, அதற்கேற்ப வரம்பை ஏற்றியிறக்கும் முறையை 1968இல் ஃபின்னும் ஜான்சனும் ரேடாருக்கு வகுத்தார்கள். சோனாரிலும் அது நிலைபெற்றது. பொய் எச்சரிக்கை விகிதம் எங்கும் மாறாமல் இருக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். சேறும் பாறையும் சந்திக்கும் விளிம்பில் அதுவும் தடுமாறும். அங்கே பக்கத்துச் சராசரி இரண்டு தரைகளையும் கலந்துவிடுகிறது. ஆகவே தரையை முதலில் வகைபிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனிப் பரவலைப் பொருத்திய பிறகே வரம்பைப் பற்றிப் பேசவேண்டும்.

ஒற்றைப் புள்ளியை விட்டு வடிவத்தை நோக்கியது அடுத்த முன்னேற்றம். ஒரு புள்ளி நிழலைச் சேர்ந்தது என்றால் அதன் அண்டைப் புள்ளியும் நிழலாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. இந்த அண்டை உறவை நிகழ்தகவாக எழுதுவதே மார்க்கோவ் புலம் என்னும் முறை. எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் ரீட், பெட்டிலோ, பெல் ஆகியோர் 2003இல் வெளியிட்ட கண்ணிவெடித் தேடல் ஆய்வு இவ்வகையில் பெயர்பெற்றது. படத்தைப் பொருள், நிழல், தரை என மூன்றாகப் பிரித்து, பிரகாசமான திட்டுக்குப் பின்னால் சரியான திசையில் நிழல் விழுந்திருக்கிறதா என்று அது சரிபார்க்கிறது. எதிரொலியும் நிழலும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கவேண்டும் என்பதால், தனித்தனியே ஐயத்துக்குரிய இரண்டு சான்றுகள் சேர்ந்து வலுப்பெறுகின்றன.

இத்தனை கணக்கு எதற்கு, அனுபவம் மிக்க ஒருவர் படத்தைப் பார்த்தாலே போதாதா என்று கேட்கலாம். அனுபவசாலியின் கண் மதிப்புமிக்கதுதான். நல்ல தேடல் குழுக்கள் அதை ஒருபோதும் கைவிடுவதில்லை. ஆனால் எத்தனை இடங்களைப் பார்த்தபின் இந்த ஒன்று கண்ணில் பட்டது என்பதைக் கண் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. 1937இல் மறைந்த விமானி அமேலியா ஏர்ஹார்ட்டின் விமானத்தைப் பசிபிக்கில் தேடிய ஓர் அமெரிக்கக் குழு, 2024 ஜனவரியில் ஒரு சோனார் படத்தை வெளியிட்டது. இறக்கை, வால், உடல் என விமானத்தின் சாயல் அதில் அப்படியே தெரிந்தது; உலகமே பேசியது. அதே ஆண்டு நவம்பரில் அருகே சென்று பார்த்தபோது அது இயற்கையான பாறை அமைப்பு என்று தெரியவந்தது. அக்குழு தேடியிருந்த பரப்பு 13,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு பரந்த கடலடியில் விமானச் சாயல் கொண்ட பாறை ஒன்றாவது அகப்படுவதில் வியப்பில்லை. குஜராத்தின் காம்பாத் வளைகுடாவில் சோனார் காட்டிய நேர்கோட்டு வடிவங்கள் 2001இல் மூழ்கிய நகரமாக அறிவிக்கப்பட்டன; தொல்லியலாளர் பலர் அதை இன்றும் ஏற்கவில்லை. ஒழுங்கான வடிவத்தைக் கண்டதும் மனம் அதற்கு ஒரு பெயர் சூட்டிவிடுகிறது. இயற்கையே அப்படியொரு வடிவத்தைத் தரும் வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்வியைப் புள்ளியியல்தான் நடுவில் வைக்கிறது.

தேடியும் கிடைக்காதபோது

இதுவரை பார்த்தது ‘கண்டோம்’ என்பதன் கணக்கு. மறுபக்கத்தின் கணக்கு இன்னும் முக்கியமானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக நீர்மூழ்கி வேட்டையை ஆராய்ந்த பெர்னார்ட் கூப்மன், 1946இல் தேடலுக்கென்று ஒரு கணிதத்தையே வகுத்துத் தந்தார். புதிய சான்று வந்ததும் வாய்ப்பைத் திருத்தி எழுதும் பேயஸ் விதியோடு அது சேர்ந்தபோது கடலடித் தேடலின் முகம் மாறியது. பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பொருள் இருக்கும் வாய்ப்பை எழுதிவைக்கிறோம். ஒரு கட்டத்துக்கு 20 விழுக்காடு தந்திருக்கிறோம் என்று கொள்வோம். அங்கே தேடியும் கிடைக்கவில்லை. சோனார் அந்தத் தரையில் 90 விழுக்காடு கண்டறியும் திறன் கொண்டது என்றால், கட்டத்தின் வாய்ப்பு 2.4 விழுக்காடாகச் சரியும்; அதைத் தாண்டிப் போகலாம். தரை கரடுமுரடாக இருந்து திறன் 50 விழுக்காடுதான் என்றால் வாய்ப்பு 11 விழுக்காட்டில் நிற்கும், திரும்பவும் வரவேண்டியிருக்கலாம். இரண்டு இடத்திலும் விடை ‘காணோம்’ என்ற ஒரே சொல்தான். எடையோ நான்கு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. 1968 மே மாதம் 99 பேருடன் அட்லாண்டிக்கில் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கி ஸ்கார்பியனை இவ்வகை வரைபடம் கொண்டு தேடினார்கள். அக்டோபர் இறுதியில் ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில் அது கிடைத்தபோது, அதிக வாய்ப்புத் தரப்பட்ட கட்டம் ஒன்றுக்கு 260 கெஜத்துக்குள் இருந்தது.

இந்த எடையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர் பிரான்ஸ் 447 மறுக்கமுடியாத சான்று. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற அந்த விமானம் 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்தது. கறுப்புப் பெட்டிகளில் பொருத்தப்பட்ட ஒலிக்கருவிகள் நீரில் விழுந்ததும் 37.5 கிலோஹெர்ட்ஸில் துடிக்கத் தொடங்கி, குறைந்தது 30 நாள் துடிக்கவேண்டும். கப்பல்கள் ஒலிவாங்கிகளை இழுத்துக்கொண்டு, விமானத்தின் கடைசி அறியப்பட்ட இடத்தைச் சுற்றிக் கேட்டுப் பார்த்தன. சத்தமில்லை. ஆகவே அங்கே இல்லை என்று மனங்கள் முடிவு கட்டின. மிதந்த சிதைவுகளைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்த நீரோட்டக் கணக்குகளை நம்பி, 2010இல் தேடல் வேறு திசைக்குப் போனது. அங்கும் ஒன்றுமில்லை. அதன்பின் பிரான்சின் விபத்து விசாரணை அமைப்பு மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் புள்ளியியலாளர்களை அழைத்தது. லாரன்ஸ் ஸ்டோன் தலைமையிலான குழு எல்லாச் சான்றுகளையும் மீண்டும் எடைபோட்டது. கடைசி இடத்திலிருந்து 40 கடல்மைல் வட்டத்துக்குள்தான் விமானம் விழுந்திருக்கமுடியும். கட்டுப்பாடு இழந்த முந்தைய விபத்துகளில் சிதைவுகள் 20 கடல்மைலுக்குள்ளேயே கிடந்திருக்கின்றன. நீரோட்டக் கணக்குக்கு அவ்வளவு நம்பகம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ஒலிக்கருவிகளும் மோதலிலேயே பழுதாகியிருக்கும் வாய்ப்பையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். அதைச் சேர்த்ததும் நிகழ்தகவு மீண்டும் மையத்துக்குத் திரும்பியது. 2011 ஏப்ரல் 3 அன்று, புதிய தேடல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், தானியங்கி ஊர்திகளின் சோனாரில் சிதைவுகள் தெரிந்தன. கடைசி இடத்திலிருந்து 6.5 கடல்மைல்தான், ஆழம் ஏறத்தாழ 3,900 மீட்டர். மீட்ட பெட்டியோடு கிடைத்த ஒலிக்கருவியை முழு மின்னேற்றமுள்ள மின்கலத்தோடு இணைத்துச் சோதித்தபோதும் அது ஒலிக்கவில்லை. மௌனத்தை ‘இல்லை’ என்று படித்ததற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் விலையானது.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. 2015 ஜூனில் தமிழகக் கடலில் மூன்று பேருடன் மறைந்த கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானத்தின் ஒலிக்கருவியை, ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் நீர்மூழ்கி ஜூலை தொடக்கத்தில் கேட்டது. அதைப் பின்தொடர்ந்து கடலூருக்கு அப்பால் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளை எடுத்தார்கள். அங்கே ‘கேட்டோம்’ என்பது மெய்யானது. ஆனால் 2014 ஏப்ரலில் மலேசிய விமானம் எம்.எச். 370-ஐத் தேடிய ஓஷன் ஷீல்டு கப்பலும் துடிப்புகளைக் கேட்டது. அதை நம்பி 850 சதுர கிலோமீட்டர் கடலடியை அலசியும் எதுவும் கிடைக்காமல், அந்த இடத்தையே விலக்கவேண்டி வந்தது. ஒரே வகைச் சான்று. ஓரிடத்தில் மெய், ஓரிடத்தில் பொய், ஓரிடத்தில் அதன் இன்மையே ஏமாற்று. சான்று எவ்வளவு அடிக்கடி பொய்க்கும் என்ற அறிவு இல்லாமல் அதன்மேல் முடிவு கட்டமுடியாது.

மறுப்புகளும் விடைகளும்

தேடுமுன் கட்டங்களுக்குத் தரும் வாய்ப்பான முன்நிகழ்தகவு என்பது யாரோ சிலரின் ஊகந்தானே, அதை எண்ணாக எழுதுவது ஊகத்துக்கு அறிவியல் முலாம் பூசுவதாகாதா என்பது முதல் மறுப்பு. ஊகம் என்பது உண்மைதான். ஆனால் ஊகமில்லாத் தேடல் என்று ஒன்று இல்லை. கப்பலை முதலில் எந்தத் திசையில் திருப்புகிறோமோ அதுவே ஓர் ஊகம். எழுதிவைத்த ஊகத்தைப் பிறர் கேள்வி கேட்கலாம், திருத்தலாம். எழுதாத ஊகம் பதவியில் உள்ளவரின் பிடிவாதமாக இறுகிவிடும். எண்ணாக எழுதும் முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கருவியில்லாதவரின் அறிவுக்கும் அதில் இடம் கிடைக்கிறது. 1966இல் ஸ்பெயினின் பலோமாரஸ் அருகே கடலில் விழுந்த அமெரிக்க ஹைட்ரஜன் குண்டைத் தேடியபோது, அது விழுவதைப் பார்த்த பிரான்சிஸ்கோ சிமோ என்ற மீனவரின் சாட்சியம் தேடலுக்கு வழிகாட்டியது. குண்டும் அவர் காட்டிய பகுதியில்தான் கிடைத்தது. நம் கரையிலும் எங்கே பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கிறது, எங்கே வலை சிக்கும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு ஓர் எடை கொடுத்து வரைபடத்தில் சேர்க்கலாம். பிழையென்றால் அடுத்தடுத்த தேடல் முடிவுகள் அதன் எடையைத் தாமே குறைத்துவிடும்.

ஆழ்கற்றல் வந்தபின் பரவல், வரம்பு என்றெல்லாம் கணக்குப் போடுவது பழையகாலத்து வேலை என்பது இரண்டாம் மறுப்பு. நரம்பு வலையமைப்புகள் நன்றாகவே வேலை செய்கின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் அவை கற்றுக்கொள்ள எடுத்துக்காட்டுகள் வேண்டும். பூனைப் படங்கள் கோடிக்கணக்கில் கிடைக்கும். ஆழ்கடலில் சிதறிய விமானத்தின் சோனார் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு கடலின் மணல்தரையில் பயிற்சி பெற்ற வலையமைப்பு இன்னொரு கடலின் பாறைத்தரையில் அதே தன்னம்பிக்கையோடு தவறாகப் பேசும். அது தரும் ‘95 விழுக்காடு’ உண்மையில் 95 விழுக்காடு மெய்யாகிறதா என்பதைத் தெரிந்த பொருள்களைக் கடலடியில் வைத்து, வெவ்வேறு தரைகளில் சோதித்துத்தான் அறியமுடியும். அந்தச் சோதனையோ முழுக்க முழுக்கப் புள்ளியியல். வரம்பை வைக்கும் இயந்திரம் மாறியிருக்கிறது. பொய் எச்சரிக்கைக்கும் தவறவிடலுக்கும் கணக்குச் சொல்லும் கடமை அப்படியே இருக்கிறது.

மூன்றாம் மறுப்பே கனமானது. எம்.எச். 370 தேடலில் உயர்ந்த புள்ளியியல் முறைகள் கையாளப்பட்டன. 239 பேருடன் சென்ற அந்த விமானத்தை 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியில் தேடியும் 2017 ஜனவரியில் கைவிட நேர்ந்தது. 2018இல் இன்னொரு நிறுவனம் 1,12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை. அப்படியானால் இந்த முறையால் என்ன பயன்? இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். சோனார் தன் வேலையைச் செய்ததா என்பது ஒன்று. தேடும் இடத்தைக் குறித்த வரைபடம் சரியா என்பது மற்றொன்று. அந்தத் தேடலில் நிலக்கரி ஏற்றிச் சென்ற 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்கள் இரண்டு, யாரும் எதிர்பாராமல், பல கிலோமீட்டர் ஆழத்தில் தென்பட்டன. நூறாண்டுக்கு மேல் கிடந்து சிதைந்த மரக்கலத்தின் எச்சங்களையே அந்தச் சோனார் காட்டிக்கொடுத்தது என்றால், தேடிய பரப்பில் விமானம் இருந்து தவறியிருக்கும் வாய்ப்பு குறைவு. பிழையின் பெரும்பங்கு செயற்கைக்கோள் தரவிலிருந்து வரைந்த வரைபடத்தின் பக்கம் நகர்கிறது. கரடான சரிவுகளில் மட்டும் ஐயம் மிஞ்சுகிறது. 2017 நவம்பரில் 44 பேருடன் மூழ்கிய அர்ஜென்டினா நீர்மூழ்கி சான் ஹுவான், ஓராண்டுக்குப் பின் 900 மீட்டர் ஆழத்தில் கடலடிப் பள்ளத்தாக்குகள் நிறைந்த பகுதியில்தான் கிடைத்தது. தோற்ற தேடலும் இப்படிப் படித்தால் அடுத்த தேடலுக்கு முதலாகிறது. படிக்க முடிவதற்குக் காரணம், எங்கே, எந்தக் கருவியால், எவ்வளவு முழுமையாகத் தேடினோம் என்பது பதிவில் இருப்பதே. எம்.எச். 370 தேடலில் திரட்டிய கடலடித் தரவை ஆஸ்திரேலியா 2017 முதல் பொதுவில் வெளியிட்டது. அது எல்லா நாடுகளும் பின்பற்றத்தக்க முன்மாதிரி.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு மூன்று விதிகள் பிறக்கின்றன. முதலாவது, தேடல் அறிக்கை ‘இத்தனை சதுர கிலோமீட்டர் தேடினோம்’ என்ற அளவில் நிற்கக்கூடாது. ஒவ்வொரு வகைத் தரையிலும் கண்டறியும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வரைபடமாகவே தரவேண்டும். மணலில் தேடிய ஒரு கிலோமீட்டரும் பள்ளத்தாக்கில் தேடிய ஒரு கிலோமீட்டரும் ஒன்றாகா. இரண்டாவது, கருவியின் மூலத்தரவு அழியாமல் காக்கப்படவேண்டும். இன்றைய வரம்புக்குக் கீழே கிடக்கும் எதிரொலியை நாளைய முறை எடுத்துவிடலாம். மூன்றாவது, படம் ஒன்று கிடைத்ததும் ஊடகத்துக்கு ஓடுமுன், இவ்வளவு பரப்பில் இதுபோன்ற பாறை தற்செயலாக அகப்படும் வாய்ப்பு என்ன என்ற கேள்விக்கு எண்ணால் விடை தரவேண்டும். வங்கக் கடலில் நம் கப்பல்களும் ஊர்திகளும் இனிவரும் ஆண்டுகளில் கனிமத்துக்காகவும், கேபிள் பாதைக்காகவும், மறைந்தவர்களுக்காகவும் தேடப்போகின்றன. ஒவ்வொரு தேடலிலும் கரையில் யாரோ ஒரு குடும்பத்திடம் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லும் நிலை வரலாம். அந்தச் சொல்லைச் சொல்பவர், அது எவ்வளவு தூரம் உண்மை என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். அதற்கு வேண்டிய கணிதம் எழுபது எண்பது ஆண்டுகளாக நம் கையில் இருக்கிறது. அதை ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதியே தீரவேண்டும் என்ற விதியைத்தான் இன்னும் நாம் வகுக்கவில்லை.